மூன்று வரி நன்றி

ஜீப்பில் பாதி மூட்டை ஏற்றியிருந்தேன். ஐப்பசி மழை ராத்திரி முழுக்க அடித்துவிட்டு, விடிந்ததும் சாரலாகச் சிணுங்கிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குள் கேரட்டைக் கொடைக்கானல் மார்க்கெட்டில் இறக்காவிட்டால் மதுரை லாரி போய்விடும். அப்புறம் தோட்டக்காரனிடம் நான்தான் வசவு வாங்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜோசப்பின் வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றாள். மழைக்குத் தலையில் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. காலில் செருப்பில்லை.

"அண்ணே, மூட்டைய இறக்குங்க. பாலசமுத்திரம் போகணும்."

"பாலசமுத்திரமா? வெளையாடுறியா? மலையவே இறங்கணும் தாயி. என் சோலி என்னாகுறது?"

"இறக்குங்கண்ணே."

"அங்க யாரு இருக்கா ஒனக்கு?"

"யாருமில்ல. லீலான்னு ஒரு பொம்பள. மொகம்கூடத் தெரியாது. அவ பிள்ளைக்கு மாத்திரைய நிறுத்திட்டா. நான் எழுதுனதப் படிச்சு நிறுத்திட்டாண்ணே."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தப் பாழாய்ப்போன மடலால் எங்கள் ஊர் பள்ளங்கியில் எனக்கு வராத தொந்தரவு இல்லை.

எங்கள் ஊர்க் கோயில் பெரிய கோயில் இல்லை. தகரக் கூரை போட்ட சின்னக் கட்டடம், பக்கத்தில் கல்லடுக்கிக் கட்டிய ஒரு கெபி, அதற்குள் மாதா. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஃபாதர் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துகிறவர் உபகாரம், ஜோசப்பினின் வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருசமாக அவர்தான் உபதேசியார். ஜோசப்பின் கொடைக்கானலில் பங்கு ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. எட்டு வருசத்துக்கு முன்னால் அவளாகவே போனில் 'மலைமாதா மடல்' என்று ஒரு வலைப்பூ தொடங்கினாள். ஊருக்குள் சிக்னல் கிடையாது. தண்ணித் தொட்டி மேட்டில் ஏறி நின்றால்தான் இரண்டு கோடு வரும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, அந்த மேட்டில் குளிரில் நின்றுகொண்டு அன்றைய வாசகம், ஒரு சின்ன ஜெபம், யார் யாருக்கு என்ன வேண்டுதல் என்று போடுவாள். படித்தது நாற்பது பேர். அதிலும் பாதி எங்கள் ஊரிலிருந்து திருப்பூர் போன பிள்ளைகள்தான். அறுபது ஆன அன்று பாயாசம் வைத்து எங்கள் வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி கொடுத்துவிட்டாள். "என்னா தாயி, அறுபதாங் கல்யாணமா?" என்று கேட்டுச் சிரித்தவன் நான்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, செலினா. பதினாறு வயது. பதிமூன்றில் அவளுக்கு வலிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்தாள், பூண்டுக்காட்டில் விழுந்தாள், பூசையில் நன்மை வாங்கப் போன வரிசையில் விழுந்தாள். எத்தனையோ மாத்திரை மாற்றினார்கள். எட்டு மாதத்துக்கு முன் மதுரை டாக்டர் ஒருவர் ஒரு ரோஸ் கலர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதிலிருந்து பிள்ளை விழவில்லை. மாதாமாதம் அந்த மாத்திரையைக் கொடைக்கானல் மருந்துக்கடையில் வாங்கி வருகிறவனே நான்தான்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். வேண்டிய வரம் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எழுந்து நின்று மூன்று வரியில் நன்றி சொல்ல வேண்டும். இன்ன கஷ்டம் இருந்தது, மாதாவிடம் வேண்டினேன், தீர்ந்தது. அவ்வளவுதான். கதை அளந்தால் பின்னாலிருந்து இருமுவார்கள். கஷ்டம் என்ன, ஆஸ்பத்திரிக்கு யார் ஜீப்பில் போனது, எந்த டாக்டர், எல்லாம்தான் எல்லாருக்கும் தெரியுமே. ஜோசப்பினும் அப்படித்தான் நின்று சொன்னாள். ஊரே கண்ணைத் துடைத்தது, நானும்தான். அன்று சாயங்காலம் அதே மூன்று வரியை மேட்டில் ஏறி மடலிலும் போட்டாள்.

'என் மகள் மூன்று ஆண்டுகளாக வலிப்பு நோயால் துன்பப்பட்டாள். மலைமாதாவிடம் ஒன்பது நாள் நவநாள் செய்து மன்றாடினேன். இன்று பூரண சுகம், வாக்களித்தபடி நன்றியோடு அறிவிக்கிறேன்.'

மாத்திரை என்ற ஒரு வார்த்தை அதில் இல்லை. எங்களுக்கு அது குறையாகவே தோன்றவில்லை.

யாரோ அதை எடுத்து எங்கேயோ அனுப்ப, அவர்கள் இன்னும் பத்து பேருக்கு அனுப்ப, அறுபது பேர் நாலாயிரமாகி, ஐப்பசி பிறந்தபோது முப்பத்தோராயிரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். குறுகலான ரோட்டில் வேனை ஒதுக்கிவிட்டு என் ஜீப்புக்கு வழியில்லாமல் செய்தார்கள். கெபி முன்னால் மெழுகுதிரி எரிந்து வழிந்து கிடந்தது. "சுகமான பிள்ள எங்கங்க?" என்று வீட்டுக்குள்ளேயே வந்து கேட்டார்கள். செலினா பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு ஓடி வந்துவிடுவாள். உபகாரத்துக்கு மட்டும் முகமெல்லாம் வெளிச்சம். இருபத்திரண்டு வருசமாக ஒழுகுகிற கூரைக்குக் கீழே பதினெட்டுப் பேருக்கு ஜெபம் சொன்ன மனிதர். அவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

இதெல்லாம் என் தலைக்குள் ஓடுகிறபோதே நான் மூட்டையை இறக்க ஆரம்பித்திருந்தேன்.

"எப்பப் பாத்த அந்தப் பொம்பள எழுதுனத?" என்றேன்.

"நேத்து சாயங்காலம். எழுநூறு பேரு எழுதிக் கெடக்காங்கண்ணே, ஒவ்வொண்ணாப் பாத்துட்டு வந்தேன். மூணு நாளைக்கு முந்தி எழுதியிருக்கா." போனை எடுத்துப் படித்தாள். "'அக்கா, நான் பாலசமுத்திரம் லீலா. எங்க வீட்டுக்காரர் பழனி அடிவாரத்துல மாலை கட்டுறாரு. எம்மக சண்முகப்பிரியாவுக்கு ஒன்பது வயசு, ஒங்க மக மாதிரியேதான். உங்களப் பாத்து நானும் நவநாள் செஞ்சேன். மாதா மேல பாரத்தப் போட்டு மாத்திரைய நிறுத்திட்டேன். இன்னியோட பதிமூணு நாள்.'"

"போன் போட்டுச் சொல்லு."

"நம்பர் இல்லண்ணே. பதில் எழுதுனேன், பாக்கவே இல்ல. ஒடனே மடல்ல உண்மையப் போட்டேன். எம்மக மாத்திரை சாப்பிடுறா, யாரும் மருந்த நிறுத்தாதீங்கன்னு போட்டேன். அரை மணி நேரத்துல முந்நூறு பேரு ஆமென், ஆமென்னு போடுறாங்க. ஒருத்தரும் படிக்கல. எம்பேரப் பாத்ததும் ஆமென் போட்டுட்டுப் போறாங்க."

அந்த நேரம் உபகாரம் குடையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஜோசப்பின், வீட்டுக்கு வா."

"நீங்க பேசாதீங்க. அண்ணே, நான் போட்டத இவரு அழிச்சுப்புட்டாரு. விடிகாலைல என் போனத் தூக்கிட்டு மேட்டுல ஏறி நின்னு அழிச்சுட்டு வந்துட்டாரு."

நான் அவரைப் பார்த்தேன். "நெசமா மாப்ள?"

"அடுத்த வாரம் திருநாள்," என்றார் அவர். "எத்தன ஊர்ல இருந்து வாராங்க. இப்பப் போயி பொய்யின்னு போட்டா மாதாவ யாரு நம்புவா?"

"மாதாவ யாரு பொய்யின்னா? நான் முழுசாச் சொல்லலைன்னுதான போட்டேன்."

"திருநாள் முடியட்டும்னுதான சொன்னேன்."

"திருநாள் வரைக்கும் அந்தப் பிள்ள இருக்குமா?"

அவர் குடை ஒரு பக்கம் சாய்ந்து தோள் நனைந்துகொண்டிருந்தது. செலினா பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து யாரையும் கேட்காமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்கன வார?" என்றேன்.

"அம்மா சொன்னா நம்ப மாட்டாங்க மாமா. என்னையப் பாத்தாத்தான் நம்புவாங்க."

வில்பட்டி ஏறி, கொடைக்கானலைத் தொட்டு, பெருமாள்மலை வந்து பழனி ரோட்டில் திரும்பினோம். மூடுபனி. பகலிலேயே லைட் போட்டுக்கொண்டு போனேன். பெருமாள்மலையில் செலினாவுக்கு நாலு இட்லி கட்டி வாங்கினேன். வளைவுக்கு வளைவு ஓடைத் தண்ணீர் ரோட்டில் பாய்ந்தது.

"காலை மாத்திரை போட்டியாடி?" என்று ஜோசப்பின் திரும்பிக் கேட்டாள்.

"சாப்பிடாம போட்டா வாந்தி வரும். இந்த வளைவுல எப்பிடிச் சாப்பிட?"

"வெரசா போங்கண்ணே."

"இதுக்கு மேல வெரசாப் போனா நேரா மோட்சந்தான்," என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

சவரிக்காடு தாண்டிப் பாதி இறக்கத்தில் சில்வர் ஓக் மரம் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. முன்னால் ஒரு பஸ், இரண்டு லாரி. ஆட்கள் அரிவாளால் கிளை கழித்துக்கொண்டிருந்தார்கள். ரம்பம் வர வேண்டுமாம். ஜோசப்பின் இறங்கிப் போய், அவர்களோடு சேர்ந்து கிளையை இழுக்க ஆரம்பித்தாள். சேலை கிழிந்தது. கண்டக்டர், "ஏம்மா, நீங்க எதுக்கு, நாங்க பாக்குறோம்ல" என்றார். அவள் காதிலேயே வாங்கவில்லை. நானும் போய் ஒரு கை கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம் போனது. ஜீப் நுழைகிற அளவு வழி கிடைத்ததும், பஸ்காரன் கத்தக் கத்த நான் முதலில் நுழைத்துவிட்டேன்.

வண்டி மறுபடி ஓடியபோது அவளாகவே பேசினாள்.

"முப்பத்தோராயிரம் பேருன்னு வந்தப்ப எனக்குப் பெருமையா இருந்துச்சுண்ணே. பொய் சொல்லல. மேட்டுல நின்னு அந்த எண்ணப் பாத்துட்டே இருப்பேன். குளிரு தெரியாது. எத்தனையோ பேரு, அக்கா எம்பிள்ளைக்கும் இதே நோயின்னு எழுதுனாங்க. விசுவாசமா இருங்கன்னு பதில் போட்டேன். ஒருத்தருக்காவது மாத்திரையக் குடுங்கன்னு போட்டிருக்கலாம்ல?"

"ஒனக்குத் தோணியிருக்காது."

"தோணுச்சு," என்றாள். "ரெண்டு தரம் தோணுச்சு. போட்டா கூட்டம் கொறஞ்சிருமோன்னு விட்டுட்டேன்."

கியரை மாற்றினேன். பின்சீட்டில் செலினா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடிவாரத்துக்கு வந்ததும் வெயில் சுள்ளென்று அடித்தது. மலையில் நனைந்த துணி எங்கள் மேலேயே காய்ந்தது. பாலசமுத்திரத்தில் மாலை கட்டுகிற சேனாதிபதி வீடு என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். வீடு பூட்டியிருந்தது. வாசலில் வாழைநார் கட்டு ஒன்று தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மகாதேவி என்ற அம்மாள் வெளியே வந்தார்.

"யாருங்க நீங்க? சொந்தமா?"

"பிள்ள எங்கம்மா?" என்றாள் ஜோசப்பின்.

"அதையேங் கேக்குறீங்க. வெள்ளனே மூணு தடவ இழுத்துருச்சு. மூணாவது தடவ நிக்கவே இல்ல. பழனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. நல்லா இருந்த பிள்ளைங்க. மருந்த நிறுத்தாதடின்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். என் போன்லதான் எதையோ படிப்பா தினமும். படிச்சுட்டு அழுவா."

பழனி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெளியே, தரையில் உட்கார்ந்திருந்தாள் லீலா. முப்பது வயதுகூட இருக்காது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான் சேனாதிபதி, விரல் நுனியெல்லாம் நார் அறுத்த தழும்பு. ஜோசப்பின் முன்னால் போய் நின்றாள். லீலா நிமிர்ந்து பார்த்தாள். மடலில் இருக்கிற போட்டோவில் அவள் பார்த்த முகம்.

"அக்கா!" என்று கத்திவிட்டாள். எழுந்து ஜோசப்பினின் இரண்டு கையையும் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "நீங்களே வந்துட்டீங்களா? ஏங்க, பாத்தீங்களா, மடல் அக்கா வந்துட்டாங்க. மாதா அனுப்பியிருக்கா. உள்ள வாங்கக்கா, பிள்ள மேல கை வச்சு ஜெபம் பண்ணுங்க."

"லீலா, மாத்திரை குடுத்தியாம்மா?"

"இல்லக்கா. வீட்டுல எல்லாரும் குடு குடுன்னாங்க. நான் குடுக்கல. காலைல இழுத்தப்பக்கூட மாதா பேரத்தான் சொன்னேன்."

"என்னையப் பாரு. எம்மக மாத்திரைலதான் இருக்கா. நான் எழுதுனது தப்பு."

லீலா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் சாகிற வரைக்கும் மறக்க முடியாது.

"சோதிக்காதீங்கக்கா. நீங்க எழுதுனது எனக்கு மனப்பாடம்." கையைக் கூப்பிக்கொண்டு அந்த மூன்று வரியையும் ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

செலினா முன்னால் வந்தாள். லீலாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். ஒரு இட்லியைப் பிய்த்து விழுங்கினாள். அப்புறம் மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"நீ யாரும்மா?" என்றாள் லீலா.

"நாந்தான் அந்த மக."

லீலா அட்டையைக் கேட்டுக் கை நீட்டினாள். வாங்கிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். பழனி ஊர்க்காரர்கள் சாமிக்கு நேர்ந்துகொண்டு காசு முடிந்து வைப்பார்களே, அதே மாதிரி முடிச்சு. உள்ளே காசு இல்லை. எல்லாம் மாத்திரை. பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்தது.

"திருநாளுக்கு வந்து மாதா காலடில வைக்கணும்னு முடிஞ்சேன்," என்றாள், யாரையும் பார்க்காமல். ஒரு மாத்திரையை எடுத்து அட்டையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள். அதே ரோஸ். "எத்தன நாளா சாப்பிடுற?"

"எட்டு மாசமா. அதுக்கு முந்தி வேற மாத்திரை. ஒரு வேள விட்டதில்ல."

"அம்மா அத எழுதுனப்பவும்?"

"எழுதுனப்பவும் சாப்பிட்டேங்கக்கா."

லீலா மாத்திரைகளை மறுபடி துணிக்குள் வைத்து மூடினாள். முடிச்சுப் போட வரவில்லை. "ஒரு வரி," என்றாள். "அந்த ஒரு வரியையும் சேத்து எழுதியிருந்தா என்னங்க?"

ஜோசப்பினை அவள் 'அக்கா' என்று சொல்லவில்லை என்பது எனக்கே உறைத்தது.

வார்டுக் கதவு திறந்து ஒரு டாக்டரம்மா வந்தார். வேர்த்திருந்தது. "சண்முகப்பிரியா அம்மா யாரு? ரெண்டு ஊசி போட்டும் வலிப்பு முழுசா அடங்கல. மதுரைக்கு அனுப்புறோம், ஆம்புலன்ஸ் ரெடி. ஏம்மா, இவ்வளவு நாளா மாத்திரையக் குடுக்காம விட்டிருக்கீங்க. யாரு நிறுத்தச் சொன்னது?"

சேனாதிபதி தரையைப் பார்த்தான்.

"நாந்தாங்க," என்றாள் ஜோசப்பின்.

"நீங்க யாரு? பிள்ளைக்கு என்ன வேணும்?"

ஜோசப்பின் வாயைத் திறந்தாள். முப்பத்தோராயிரம் பேர் படிக்கிறவளுக்கு, தான் யாரென்று சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. டாக்டரம்மா லீலாவைப் பார்த்தார். "யாருமா இவங்க?"

"தெரியாதுங்க," என்றாள் லீலா. "இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு மஞ்சள் துணியை ஜோசப்பின் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். மூக்கில் குழாய், ஒரு பக்கக் கன்னம் மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது. இரட்டைச் சடை, ஒன்று அவிழ்ந்திருந்தது. லீலாவும் சேனாதிபதியும் ஏறினார்கள், கதவு சாத்தினார்கள், வண்டி சத்தம் போட்டுக்கொண்டு கிளம்பியது. ஜோசப்பினின் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. கீழே வந்ததும் சிக்னல் முழுசாகக் கிடைத்திருந்தது, மலையில் தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தது. செலினா அதை அம்மா கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். அத்தனையும் ஆமென். போனை அணைத்துப் பையில் போட்டாள்.

நான் ஜீப்பை எடுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினேன். ஜோசப்பின் முன்சீட்டில் ஏறி, துணி முடிச்சை மடியில் வைத்துக்கொண்டாள். மலைப்பக்கம் வண்டியைத் திருப்பினேன்.

"மதுரைக்கு விடுங்கண்ணே," என்றாள்.

"ஏந் தாயி? அந்தப் பொம்பளதான் யாருன்னே தெரியாதுன்னு சொல்லிருச்சே. அங்க போயி யாருன்னு நிப்ப?"

"எனக்கு அவளத் தெரியும்ல," என்றாள் ஜோசப்பின்.

நான் ஜீப்பைத் திருப்பினேன்.